ஹோர்டன் சமவெளியை ஒரு வருடம் முழுக்கப் படம் எடுக்க: எந்த மாதம் எதற்கு?

கல்லடிக்கரை

வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. இவ்வளவு காலமும் எடுத்தது எல்லாம் வாவியும் கடலும்தான், விடியற்காலையில் பாலத்தடியில் வலை வீசுகிறவர்கள், முகத்துவாரப் பக்கம் மேகம் கட்டுவது, இப்படி. இப்போது மலையை எடுக்க வேண்டும் என்று ஆசை பிடித்திருக்கிறது. ஹோர்டன் சமவெளியில் ஒரே இடங்களை வெவ்வேறு காலத்தில் எடுத்து, ஒரு வருடத்துக்குள் அந்த நிலம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு விளங்குகிற மாதிரி ஒரு தொகுப்புச் செய்ய வேண்டும். நம் நாட்டில் பருவமே இல்லை, எப்போதும் ஒரே பச்சைதான் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கையில் இருப்பது ஒரு நிக்கோன் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு பழைய 70-300, ஒரு முக்காலி. படிப்பிக்கிற வேலை என்பதால் விடுமுறையில்தான் போகலாம். முதல் தடவை ஓகஸ்ட்டில் போக நினைக்கிறேன், அந்த நேரம் இங்கே வானம் வெளித்துக் கிடக்கும். ஆனால் போய்வந்த கூட்டாளிகள் "வெறும் மூடுபனிதான் மச்சான், உலக முடிவில் ஒன்றும் தெரியவில்லை" என்கிறார்கள், அந்தச் சமவெளி செங்குத்தாக முடிகிற பாறை விளிம்பைத்தான் உலக முடிவு என்கிறார்கள். எந்த மாதம் எதை எடுக்கலாம், எந்த லென்ஸைக் கொண்டுபோவது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செங்கலடிச் சந்தி

தம்பி, முதலில் ஒன்று. மட்டக்களப்பு வானத்தைப் பார்த்து மலைக்கு நாள் குறிக்க வேண்டாம். ஓகஸ்ட்டில் இங்கே வெளித்திருப்பதற்கும் அங்கே மூடிக் கிடப்பதற்கும் காரணம் ஒரே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, பிறகு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடேறி, ஈரம் இல்லாமல் வருகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். இங்கே கச்சான் பலமாக அடிக்கிற நாளில் ஹோர்டன் சமவெளியில் மேகம் தரையோடு நிற்கும். அதற்காக, நமக்கு மாரி பெய்யும்போது அங்கே வெளிக்கும் என்றும் எண்ண வேண்டாம். அது மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில் 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற மேட்டுநிலம், இரண்டு பருவக்காற்றும் அதைத் தொடும், நவம்பர், டிசம்பர் மழையும் அதற்கு உண்டு.

தூரத்துக் காட்சி வேண்டும் என்றால் ஜனவரி நடுப்பகுதியில் இருந்து மார்ச் வரை. உலக முடிவின் பாறை விளிம்பு தெற்கைப் பார்த்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை வெளிச்சம் பள்ளத்தாக்குக்குள் பக்கவாட்டில் விழும், கீழே நொன்பரேல் தேயிலைத் தோட்டத்தின் மடிப்பு, அதற்கு அப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள், எல்லாம் நிழலும் வெளிச்சமுமாகப் பிரிந்து தெரியும். ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது, அதாவது மேட்டுநிலத்துக்குப் பின்னால், அப்போது மேகம் இல்லாவிட்டாலும் பள்ளம் காலையில் நிழலில்தான் இருக்கும். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் படத்துக்கு இதுதான் முக்கியம். எந்த மாதமானாலும் ஒன்பது, பத்து மணிக்குள் கீழிருந்து மேகம் ஏறி விளிம்பை மூடிவிடும், ஆகவே நுழைவாயில் திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். முதலில் உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்று நடந்தால் வெளிச்சம் வீண்போகாது.

இங்கே 18-55 போதும் என்று எல்லாரும் அகல லென்ஸோடு நிற்பார்கள். அந்த விளிம்பில் உங்கள் பழைய 70-300தான் உதவும். அகலமாக எடுத்தால் அத்தனை மலையும் சின்னக் கோடாகிவிடும். 150, 200 மில்லிமீற்றரில் வைத்து இரண்டு மூன்று மலைமடிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள், ஆழம் வரும்.

அப்புறம் உறைபனி. இதற்காகவே ஜனவரி, பெப்ரவரியில் ஒரு இரவு பக்கத்தில் தங்கலாம். இரவில் வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால் நிலத்தின் சூடு மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளமான புல்வெளியில் தேங்கி நிற்கும். விடிந்து பார்த்தால் பள்ளத்தில் புல் முழுக்க வெள்ளை, பத்தடி மேலே காட்டு ஓரத்தில் பச்சை, நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை. அந்த எல்லையைத்தான் எடுக்க வேண்டும், மலைப் புல்வெளிக்கும் காட்டுக்கும் இடையில் நடக்கிறது எல்லாம் அதில் இருக்கிறது. முட்டி போட்டு, கமராவைப் புல் மட்டத்துக்கு இறக்கி, சூரியனை எதிரே வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு புல் நுனியிலும் படிகம் ஊசி ஊசியாக ஒட்டியிருப்பது தெரியும். வெயில் பட்டதும் கரைந்துவிடும், எட்டு மணிக்குப் போனால் ஈரப்புல்தான்.

ஓகஸ்ட் பயணத்தை நிறுத்த வேண்டாம், எடுக்கிற பொருளை மாற்றுங்கள். அந்த நேரம் உலக முடிவை மறந்துவிடுங்கள். மேகம் காட்டுக்குள் நிற்கும்போதுதான் அந்தக் காடு தன் இயல்பில் இருக்கிறது: காற்றுக்குக் குள்ளமாகி, உச்சி குடை போல் பரந்த மரங்கள், கொப்பெல்லாம் பாசி, நரைத்த தாடியாகத் தொங்குகிற மரப்பாசி. வெயில் நாளில் இதே காடு புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்து குழம்பிப்போகும், மூடுபனியில் பின்னால் இருக்கிறது எல்லாம் கழிந்து ஒரு மரம் தனித்து நிற்கும். பேக்கர் நீர்வீழ்ச்சியும் மழைக்காலத்தில்தான் நிறைந்து விழும்.

சம்மாந்துறை வயல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். காக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தம்பியின் யோசனை ஒரு வருடத் தொகுப்பு. கல்லடியில் இருந்து ஹோர்டன் சமவெளிக்கு எத்தனை தடவை போய்வர முடியும்? பருவம் மாறுவதைக் காட்டுகிறதுதான் நோக்கம் என்றால் பக்கத்திலேயே கல்லோயா இருக்கிறது. 1954இல் இருந்து தேசியப் பூங்கா, அம்பாறையில் இருந்து இங்கினியாகலைக்குக் கொஞ்சத் தூரம்தான், மலையும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, படம் எடுக்க வருகிறவர்கள் குறைவு.

அங்கே மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மாரி முடிந்து ஜனவரி, பெப்ரவரியில் அங்கே இருக்கிற சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் நிறைந்து, தண்ணீர் மலையடிவாரம் வரை போய் நிற்கும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் சிறுபோகம். வயலுக்குத் திறக்கத் திறக்க மட்டம் இறங்கி, ஓகஸ்ட், செப்டெம்பரில் முங்கிக் கிடந்த பட்ட மரங்கள் வெளியே வரும், கரையில் புதுப்புல் முளைக்கும், யானை அதுக்குத்தான் இறங்கும். ஒரே மலை, ஒரே இடத்தில் படகை நிறுத்தி இரண்டு காலத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவையில்லை. யானை தீவுக்குத் தீவு நீந்துவதையும் பார்க்கலாம், பார்த்தால் அதிர்ஷ்டம்.

நில்கலப் பக்கம் இன்னொரு நிலம். உயரப் புல்லும் நடுவே தள்ளித் தள்ளி நிற்கிற மரங்களும், கடுக்காய், தான்றி, நெல்லி என்று மருந்துக்கு எடுக்கிற மரங்கள் நிறைய. வரட்சியில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகும், தீ பிடித்த இடங்கள் கரியாகக் கிடக்கும், மழை விழுந்தால் அந்தக் கரிக்குள் இருந்தே பச்சை எழும்பும். கறுப்பு நிலத்தில் இளம்பச்சை, அதற்குப் பின்னால் மலை. எனக்குக் கேட்டால் பருவம் என்றால் இதுதான்.

படகுக்குக் காலையில் முதல் ஆளாக நில்லுங்கள். வெயில் ஏறினால் காற்று வரும், பிறகு மலையின் நிழல் தண்ணீரில் நிற்காது. கச்சான் காலத்தில் பின்னேரம் அலையே அடிக்கும், முக்காலி படகில் உதவாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டி வையுங்கள்.

ஏறாவூர் நிழல்

கமராவைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். மூடுபனியையும் உறைபனியையும் கமரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கிவிடும், வெள்ளையைக் கண்டால் அது இருட்டாக்கத்தான் பார்க்கும். எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டொப் கூட்டி வையுங்கள், ரோ கோப்பாக, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். கைப்பேசியில் எடுக்கிறவர்களும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். நீர்வீழ்ச்சிக்கு போலரைசர் பில்டர் ஒன்று வாங்குங்கள், மற்ற பில்டர்கள் பிறகு பார்க்கலாம். அது தண்ணீருக்காக இல்லை, நனைந்த இலையிலும் பாறையிலும் இருக்கிற வெள்ளை மினுக்கத்தை எடுத்துவிடும், அப்போதுதான் பச்சை பச்சையாக வரும்.

குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், மேலதிகப் பற்றரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அதைவிடப் பெரிய கவனம் திரும்பி வரும்போது. குளிர்ந்த கமராவை நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். மேலேயே பையை மூடி, வீட்டுக்கு வந்தும் கமரா சூடாகும்வரை திறக்காதீர்கள். கடற்கரை ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது லேசு, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நீலமாக இருந்த மணி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று மனம் கேட்காமல் சொல்கிறேன். ஹோர்டன் சமவெளியில் மரைகள் என்கிற பெரிய மான்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டன, வாகனம் நிறுத்துகிற இடத்துக்கே வரும். கிட்டத்தில் படம் எடுக்க பாண், பிஸ்கட் நீட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அதோடு பொலித்தீனும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. வாசலில் பொலித்தீன் சோதிக்கிறார்கள் என்றால் காரணத்தோடுதான். நல்ல கோணம் கிடைக்கும் என்று பாதையை விட்டுப் புல்வெளிக்குள் இறங்கவும் வேண்டாம், அந்த ஈர மண்ணில் ஒரு மிதிதடம் விழுந்தால் அடுத்தவர் அதிலேயே நடப்பார், கொஞ்ச நாளில் அது வழியாகிவிடும். ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, கொண்டுபோகாமல் இருப்பதே நிம்மதி.

கல்லடிக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. கச்சானும் அந்த மழையும் ஒரே காற்று என்று இவ்வளவு காலம் யோசித்ததே இல்லை. இப்போது இரண்டு மனமாக இருக்கிறது. கல்லோயாவைத் தொடங்கவா, மலையைத் தொடங்கவா? மலை என்றால் அங்கே நிறம் மாறுகிறதா, இல்லை வெறும் மேகம்தான் மாறுகிறதா?

செங்கலடிச் சந்தி

வயல் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை, அடிக்கடி போகக்கூடிய இடம் கையில் இருக்க வேண்டும், கல்லோயாவை மாதா மாதம் எடுங்கள். ஆனால் அதற்காக மலையை விட்டுவிட வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் இல்லை. கல்லோயாவில் காலத்தைத் தண்ணீர் காட்டுகிறது, ஹோர்டன் சமவெளியில் மேகமும் வெளிச்சமும் காட்டுகின்றன.

நிறமும் மாறும், ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். மார்ச்சில் புல் பழுப்பேறும், மழைக்குப் பிறகு திரும்பப் பச்சை. ஏப்ரல், மே போல புல்வெளி ஓரத்தில் ரொடடென்ட்ரன் மரங்கள் இரத்தச் சிவப்பாகப் பூக்கும், முறுக்கிய தண்டும் அந்தப் பூவும் தூரத்தில் மேகமும் இருந்தால் வேறு என்ன வேண்டும். காட்டில் நாவல் இனத்து மரங்கள் தளிர்க்கும்போது கொழுந்து சிவப்பாக வரும், பச்சைக் கூரைக்கு மேலே செம்பு பூசிய மாதிரி சில உச்சிகள் தெரியும். நீலக் குறிஞ்சி வகைகளும் உண்டு, சில வகை பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும், அதற்கு நாள் குறிக்க முடியாது, செய்தி வந்தவுடன் விடுப்புப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

அங்கே நின்றபடியே காய்ந்து வெளிறிப்போன மரங்களையும் எடுங்கள், முக்கியமாக அந்த மேகக்காட்டில் வளர்கிற கீன என்ற மரங்கள். மேகக்காடு உச்சியில் இருந்து காய்வது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அழகுக்கு மட்டும் எடுத்துவிட்டு வந்தால் அந்தத் தொகுப்பில் பாதி நிலம் இருக்காது. ஒரே கோணத்தில் எடுத்த படத்தை அடுத்த முறை போகும்போது கைப்பேசியில் கொண்டுபோய், அதே கல்லில், அதே குவியத் தூரத்தில் நின்று எடுங்கள், சும்மா ஞாபகத்தில் நின்றால் ஒன்றும் பொருந்தாது.

போகிற வழி: செங்கலடியில் இருந்து மகாஓயா, பிபிலை, பதுளை, அப்புறம் வெலிமடை. நுழைவாயில் காலை ஆறுக்குத் திறக்கும் என்பதால் முதல் நாளே பட்டிப்பொல அல்லது ஒஹிய பக்கம் தங்கிவிடுங்கள். ஒஹிய ஸ்டேஷனில் இருந்து மேலே பதினொரு கிலோமீற்றர் அளவு, இருட்டோடு ஏற்றிக்கொண்டு போக ஒரு ஓட்டோவை இரவே பேசி வைக்க வேண்டும். போயா நாள், நீண்ட வார இறுதி, ஏப்ரலில் நுவரெலியா சீசன், இவற்றைத் தவிருங்கள், பாதையில் ஆள் இல்லாத படம் கிடைக்காது.

நான் ஜனவரி கடைசியில் வான் வண்டியில் போகிறேன், இடம் இருக்கிறது. கம்பளிச் சட்டையும் கையுறையும் இருந்தால் வரலாம், உள்பெட்டியில் எழுதுங்கள்.