சங்குப்பூ நீர் பச்சையாகி, மறுநாள் மஞ்சளானது ஏன்?

ஜெலுத்தோங் அம்மா:
மகளின் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அமிலமா காரமா என்று கண்டறியும் சோதனையைச் செய்கிறாள். லிட்மஸ் தாள் எல்லாரும் கொண்டுவருவார்களாம், வேண்டாம் என்றாள். வேலியில் படர்ந்த சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தோம். எலுமிச்சைச் சாறு விட்டதும் ஊதா, மேலும் விட இளஞ்சிவப்பு. துணி துவைக்கும் தூளில் அழகான பச்சை. ஆனால் அந்தப் பச்சை மறுநாள் காலை மஞ்சளாகிக் கிடந்தது. எலுமிச்சை பிழிந்தும் நீலம் திரும்பவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்திலோ நிறம் அசையவே இல்லை. நடுவர் கேட்டால் பிள்ளை என்ன சொல்வாள்?

பட்டர்வொர்த் பழைய வாத்தியார்:
லிட்மஸை ஒதுக்கிய பிள்ளைக்கு முதலில் என் பாராட்டு. அது சிவப்பு, நீலம் என்ற இரண்டோடு நின்றுவிடும். சங்குப்பூ சிவப்பில் தொடங்கி ஊதா, நீலம், பச்சை என்று படிப்படியாகப் போகும். 1664-இல் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் வயலட் பூச்சாற்றைப் பற்றி எழுதியதும் இதே குணத்தைத்தான்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை.

இந்த நிறங்களைத் தருவது பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. காரம் கடுமையானால் அதன் மூலக்கூறிலுள்ள ஒரு வளையம் திறந்து, சால்கோன் என்ற மஞ்சள் பொருளாகிறது. அதுவும் மெல்லச் சிதைகிறது. துவைக்கும் தூளில் சலவைச் சோடா இருக்கும், சிலவற்றில் வெளுப்பானும் உண்டு. இரவெல்லாம் அதில் கிடந்த நிறமி எலுமிச்சைக்கு மீளாது. ஆகவே கலந்த ஓரிரு நிமிடத்துக்குள் நிறத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சளான கிண்ணத்தையும் கொட்டிவிடாமல் மேசையில் வையுங்கள். நல்ல நடுவர் அதைத்தான் கேட்பார்.

பாத்திரம் கழுவும் திரவங்கள் பல, கையை அரிக்காதபடி நடுநிலைக்கு அருகில் தயாரிக்கப்படுபவை. நிறம் மாறாததே அங்கே விடை. அதைத் தோல்வி என்று பிள்ளை எழுதிவிட வேண்டாம்.

செந்தூல் அக்கா:
ஐயா, மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆலத்தி கரைக்கும்போது சிவக்கிறதே, அதுவும் இந்த வகைதானா? பிள்ளை அதையும் செய்து காட்டலாமே.

பட்டர்வொர்த் பழைய வாத்தியார்:
அதேதான் அக்கா. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறமி பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 7.4-க்கும் 8.6-க்கும் இடையில் நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசி, உலர்த்தி, கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு துளி பட்டால் போதும், செங்காவி நிறம் ஏறும். எலுமிச்சை, புளி, வினிகர் எதற்கும் அது அசையாது. ஆகவே அமிலத்துக்குச் சங்குப்பூ, காரத்துக்கு மஞ்சள் என்று இரண்டையும் அருகருகே வையுங்கள். கிண்ணங்கள் வினிகர், குழாய் நீர், சமையல் சோடா, சலவைச் சோடா என்ற வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பூச்சாறு ஒரே அளவு, இல்லையென்றால் அடர்த்தி வேறுபட்டு நிறம் ஏமாற்றும்.

ஜெலுத்தோங் அம்மா:
நன்றி ஐயா. குளோரின் வெளுப்பானில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்கிறாள்.

பட்டர்வொர்த் பழைய வாத்தியார்:
வேண்டவே வேண்டாம். அது நிறமியை ஆக்சிஜனேற்றி அழித்துவிடும். நிறம் போனதை வைத்து அமிலமா காரமா என்று சொல்ல முடியாது. அதோடு, பக்கத்துக் கிண்ணத்து வினிகரோ எலுமிச்சையோ அதில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தப் புட்டி மேசைப் பக்கமே வரக்கூடாது.