புதுப்பிப்பு: ஹாஸ்கெல்லில் செட் மீது எஃப்மேப் இயங்காத சிக்கல் தீர்ந்தது

உதவிய அனைவருக்கும் நன்றி. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில், உள்ளிருக்கும் ஒவ்வொரு மதிப்பின் மீதும் ஒரு சார்பைச் செயல்படுத்துவது எஃப்மேப் (fmap). பட்டியல், மேபி (Maybe: மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), மேப் (Map: திறவுகோல்-மதிப்பு அகராதி) ஆகியவற்றின் மீது இயங்கும் அதை, ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பான செட் (Set) மீது மட்டும் கம்பைலர் ஏன் ஏற்க மறுக்கிறது என்று கேட்டிருந்தேன்.

செட்டுக்கு உரிய தனி மேப் சார்பைப் (Set.map) பயன்படுத்துமாறு வந்த முதல் பரிந்துரையால் பிழை நீங்கியது. எஃப்மேப்பை வரையறுக்கும் ஃபங்டர் (Functor) என்ற வகுப்பு எந்த வகை மதிப்பையும் நிபந்தனையின்றி ஏற்க வேண்டும்; செட்டோ உறுப்புகளை வரிசைப்படுத்தி வைப்பதால், விளைவு வகைக்கு ஆர்டு (Ord: மதிப்புகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் தன்மை) இருக்க வேண்டும் என்று கோருகிறது. அந்த நிபந்தனையை எஃப்மேப்பின் வகைக்குறிப்பில் சொல்ல இடமில்லை என்ற விளக்கமே எனக்கு மிகவும் தெளிவூட்டியது.

எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. −2, −1, 1, 2 ஆகிய நான்கையும் வர்க்கப்படுத்தியபோது, சம மதிப்புகள் ஒன்றாகி 1, 4 என இரண்டே எஞ்சியதால், கூட்டுத்தொகை 10 ஆக இல்லாமல் 5 ஆக வந்தது. பட்டியலில் இவ்வாறு நிகழாது. செட்டுக்கு உள்ள மற்றொரு சார்பான மேப்மோனோடோனிக் (mapMonotonic) இதற்கு மாற்றாகாது; ஏறுவரிசையைக் காக்காத சார்பை அதற்குக் கொடுத்தால், எச்சரிக்கை ஏதுமின்றிச் செட்டின் உள்ளமைப்பே சிதையும். ஆகவே செட்டை டூலிஸ்ட் மூலம் பட்டியலாக்கி, அதன் மீது மேப் செய்து கூட்டினேன், 10 கிடைத்தது.