காலண்டர் டூலுக்கு விளக்கம் ஒரு வரியா, அரைப் பக்கமா?

கோடுக்காரன்:
எங்கள் டீமுக்காக, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஒரு ஏஐ ஏஜென்ட் செய்து, கூகுள் காலண்டர் ஏபிஐயோடு (மற்ற ப்ரோகிராம்கள் காலண்டரோடு பேசும் வழி) இணைத்தேன். ஏஜென்ட் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூலைக் கூப்பிடும், எதை எப்படி என்று அதன் விளக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். நிகழ்ச்சி சேர்க்கும் டூலுக்கு நான் எழுதிய விளக்கம்: "காலண்டரில் நிகழ்ச்சி சேர்க்கும்." அவ்வளவுதான். பொங்கலுக்கு 14 முதல் 16 வரை லீவு போடச் சொன்னேன். ஏஜென்ட் தொடக்கம் 14, முடிவு 16 என்று அனுப்பிவிட்டது. அந்த ஏபிஐயில் முழுநாள் நிகழ்ச்சிக்கு முடிவுத் தேதி கணக்கில் சேராது. 17 என்று கொடுத்தால்தான் 16ஆம் தேதியும் லீவு. காணும் பொங்கலன்று பாட்டி வீட்டுத் திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கிறேன், "எல்லாரும் மீட்டிங்கில் காத்திருக்கிறோம்" என்று போன். விதியை எழுதாமல் விட்டது என் தப்பு. இப்போது டூல் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுகிறேன். நீங்கள் எப்படி?

பழைய சர்வர்:
அரைப் பக்கமா? தம்பி, அத்தனை டூலின் விளக்கமும் ஒவ்வொரு தடவையும் மாடலுக்குள் போகிறது. டோக்கன் (மாடல் படிக்கும் சொல் துண்டு) காசு ஒரு பக்கம். எது முக்கியம் என்று அதற்கே தெரியாமல் போவது இன்னொரு பக்கம். டூலை மாற்றுங்கள். "கடைசி_நாள்" என்று பெயர் வைத்து 16ஐ வாங்கி, ஒரு நாளைக் கோடில் கூட்டி அனுப்புங்கள். கதவு கோணலாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட வேண்டும், "தூக்கித் தள்ளித் திறக்கவும்" என்று போர்டு எழுதி மாட்டக் கூடாது.

கோடுக்காரன்:
சரி அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "லண்டன் டீமோடு வாராவாரம் நாலு மணிக்கு" என்று ஒருவர் சொன்னால் எந்த ஊர் நாலு மணி? கோடுக்குத் தெரியாது. கோடைக்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டினால் ஐந்தரை. "ஊர் சொல்லாவிட்டால் கேள், நீயாக ஊகிக்காதே. டைம்சோனை ஐரோப்பா/லண்டன் என்று பெயராகக் கொடு, +01:00 என்று எண்ணாகக் கொடுக்காதே" என்று எழுதித்தானே ஆக வேண்டும்?

தேன்மிட்டாய்:
நான் கோடுக்காரன் கட்சி. எங்களிடம் இரண்டு டூல். ஒன்று என் காலண்டரில் உள்ள நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடும். மற்றது, யார் யார் எந்த நேரத்தில் பிஸி என்று மட்டும் சொல்லும், மீட்டிங்கின் பெயர்கூட வராது. "மேனேஜர் நாளை மதியம் ஃப்ரீயா?" என்று கேட்டேன். ஏஜென்ட் என் காலண்டரைப் பார்த்துவிட்டு "ஃப்ரீதான்" என்றது. இரண்டு விளக்கமும் "காலண்டரைப் பார்க்கும்" என்றுதான் தொடங்கின. அது எதை வைத்துப் பிரித்துப் பார்க்கும், பாவம்? இப்போது ஒவ்வொன்றிலும் "இதில் என்ன கிடைக்காது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். குழப்பம் பெரிதும் போயிற்று.

பழைய சர்வர்:
அது நல்ல வரி. நான் எதிர்க்கவில்லை.

சும்மா வந்தேன்:
அடுத்த மாடல் வந்தால் இதெல்லாம் தானே புரிந்துகொள்ளும். ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

தேன்மிட்டாய்:
எங்கள் டீமில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் மீட்டிங் வைக்க மாட்டோம். சொல்லாமல் எந்த மாடலுக்குத் தெரியும்?

பழைய சர்வர்:
அதை டூல் விளக்கத்தில் எழுதாதீர்கள், அது சிஸ்டம் ப்ராம்ப்டுக்கு (ஏஜென்ட்டுக்கு முதலிலேயே கொடுக்கும் பொது அறிவுரை) போக வேண்டியது. டூல் நாளைக்கு வேறு டீமுக்கும் போகும்.

கோடுக்காரன்:
அழிக்கிற டூலைப் பற்றியும் சொல்லுங்கள். "இந்த வாரம் ஸ்டாண்டப் மீட்டிங் வேண்டாம்" என்றேன், வாராவாரம் வரும் மொத்தத் தொடரையும் தூக்கிவிட்டது. அந்த ஒரு நாளுக்கு ஒரு ஐடி, தொடருக்கு வேறு ஐடி. இதை எழுதி வைக்காமல் முடியுமா?

பழைய சர்வர்:
எழுதுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். "தயவுசெய்து திருடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டு வீட்டைத் திறந்து போட்டுப் போவீர்களா? "ஒரு நாள்", "முழுத் தொடர்" என்று இரண்டே மதிப்பு ஏற்கும் பாராமீட்டரை (டூலைக் கூப்பிடும்போது நிரப்பித் தர வேண்டிய கட்டம்) கட்டாயமாக்குங்கள். முழுத் தொடர் என்றால் மனிதர் ஒருவர் பட்டன் அழுத்தாமல் எதுவும் அழியக் கூடாது.

கோடுக்காரன்:
லீவு டூலைத் திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:
"முழுநாள் நிகழ்ச்சி சேர்க்கும்: லீவு, பண்டிகை, பயணம். குறித்த மணிக்கு நடப்பதற்கு மீட்டிங்_சேர் டூலைப் பயன்படுத்து. கடைசி_நாளும் கணக்கில் சேரும். ஒரே நாள் என்றால் இரண்டு இடத்திலும் அதே தேதி. யாருக்கும் மெயில் போகாது."

பழைய சர்வர்:
அரைப் பக்கம் எங்கே போச்சு? நன்றாக இருக்கிறது. "பயணம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். "நாளை காலை ஆறு மணி பஸ்ஸில் மதுரை போகிறேன்" என்று யாராவது சொன்னால் இந்த டூலைத்தான் எடுக்கும். நாள் பூராவும் மதுரை என்று இருக்கும், பஸ் போய்விடும்.