இரண்டு நிமிடத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள எந்தக் கதையைச் சொல்வது?

வெண்பலகை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சென்ற ஆண்டு அந்த வேலையிலிருந்து விலகினேன். இப்போது சைகை மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெற்று வருகிறேன். துறை புதிது என்பதால் வாரத்துக்கு ஒரு கூட்டத்திலாவது "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு இரண்டு நிமிடம் தருகிறார்கள். படித்தது, வேலை பார்த்தது, விட்டது என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர்களின் பார்வை அடுத்தவரிடம் போய்விடுகிறது. கூட்டம் முடிந்த பிறகு, நான் சொன்னதிலிருந்து ஏதாவது ஒன்றை என்னிடம் கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.

நான் வழக்கமாகச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் வணிகவியல் படித்தேன். ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். கடின உழைப்பும் பொறுமையும் என் பலம். சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வம் உண்டு. ஒருநாள் அலுவலகத்துக்குக் காது கேளாத ஒருவர் வந்தார், அவரிடம் பேச முடியாமல் சிரமப்பட்டேன். அதன் பிறகு சைகை மொழி கற்கத் தொடங்கினேன். குரலற்றவர்களின் குரலாக இருப்பதே என் இலட்சியம்."

இதில் எதை மாற்ற வேண்டும்? கதையாகச் சொல் என்று பலரும் அறிவுரை கூறுகிறார்கள். அப்படிச் சொல்லப் போனால் நடந்ததை மிகைப்படுத்த வேண்டி வருமோ என்று தயங்குகிறேன். மேலும், மொழிபெயர்ப்பாளருக்கான முதல் தேர்வில் நான் தேர்ச்சி பெறவில்லை. அதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா என்பதும் பிடிபடவில்லை.

கதைகேட்பவர் (மறுமொழி):

உங்கள் ஏழு வாக்கியங்களில் ஆறை நான் இதற்கு முன் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது வாக்கியத்தை மட்டும் உங்களிடம்தான் முதன்முறையாகக் கேட்கிறேன். ஆனால் அதைத்தான் நீங்கள் "சிரமப்பட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லால் மூடி வைத்துவிட்டீர்கள். அவர் எதற்காக வந்தார், கையில் என்ன வைத்திருந்தார், உங்களுக்குள் பேச்சு எப்படி நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடைசியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பவையெல்லாம் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கின்றன. அறிமுகத்துக்குரிய கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சாதாரண மக்கள் தங்கள் அனுபவங்களை வாய்மொழியாக எப்படிச் சொல்கிறார்கள் என்பதை ஆராய்ந்து வில்லியம் லபோவ், ஜோஷுவா வலெட்ஸ்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார், எங்கே, எப்போது என்ற பின்னணி ஒரு கதையில் இருக்கும்; ஒரு சிக்கல் வரும்; அது ஏதோ ஒரு வகையில் முடிவுக்கு வரும். இவற்றோடு, இதை நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்பதைக் காட்டும் பகுதி ஒன்றும் இருக்கும் என்று அவர்கள் கண்டார்கள். அந்தப் பகுதி இல்லாவிட்டால், கேட்பவர் மனத்தில் "அதனால் என்ன?" என்ற கேள்விதான் எஞ்சும். உங்கள் அறிமுகத்தில் பின்னணி நிறைய இருக்கிறது, சிக்கல் பாதி வாக்கியத்துக்கு வருகிறது, மற்றவை வரவே இல்லை. கேட்பவர்களின் பார்வை விலகுவதில் வியப்பில்லை.

பொதுவாழ்வில் இருப்போர் தங்கள் கதையைச் சொல்லும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வரும் மார்ஷல் கான்ஸ், ஒரு சவால், அதன் முன் ஒருவர் எடுத்த முடிவு, அம்முடிவின் விளைவு என்ற மூன்றையும் தேடச் சொல்கிறார். அவரே 1964இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பை முடிக்க ஓராண்டு இருக்கும்போது அதை விட்டுவிட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் பணியாற்ற மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனவர். 28 ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பிவந்து பட்டத்தை முடித்தார். அவர் வகித்த பதவிகளை எத்தனை அடுக்கினாலும் அவரைப் பற்றி இந்த ஒரு முடிவு சொல்லும் அளவுக்குச் சொல்லாது. உங்கள் வாழ்விலும் அத்தகைய முடிவு ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் போன பிறகு மறந்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருக்கலாம், நீங்கள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை கிடைத்தால் இரண்டு நிமிடமும் நிரம்பிவிடும்.

மிகைப்படுத்தல் பற்றிய உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், இப்போதுள்ள வடிவத்தில்தான் மிகை இருக்கிறது. "கடின உழைப்பு", "பொறுமை", "சிறு வயதிலிருந்தே ஆர்வம்" ஆகியவை நீங்களே உங்களுக்கு அளித்துக்கொள்ளும் சான்றிதழ்கள். கேட்பவரால் அவற்றைச் சரிபார்க்க முடியாது. நடந்ததை நடந்தபடி சொன்னால், நீங்கள் பொறுமையானவரா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். உளவியலாளர் எலியட் ஆரன்சனும் உடனுழைத்தவர்களும் 1966இல் ஒரு சோதனை நடத்தினார்கள். வினாடி வினாவில் 92 விழுக்காடு சரியாக விடையளித்த ஒருவர் கடைசியில் காப்பியைத் தன் மேல் கொட்டிக்கொள்வதை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு அவர் மீது விருப்பம் கூடியது. 30 விழுக்காடு மட்டுமே சரியாகச் சொன்னவர் அதே பிழையைச் செய்தபோது விருப்பம் குறைந்தது. இதை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஏனெனில் காப்பி கொட்டுவதும் தேர்வில் தவறுவதும் ஒன்றல்ல. இருந்தாலும் வரிசை முக்கியம் என்பதை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேலை தெரியும் என்பதை அவர்கள் உணர்ந்த பிறகு தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஒலிவாங்கி (மறுமொழி):

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். பயிற்சி வகுப்புகள் நடத்துபவன் என்ற முறையில் இரண்டு நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

வட்டமாக உட்கார்ந்து வரிசையாக அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டங்களில், தன் முறைக்குச் சற்று முன் பேசியவர் சொன்னது மனத்தில் பதிவதில்லை என்பதை மால்கம் பிரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் 1973இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் இருப்பவர் கவனிக்காததற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அவர் தன் வாக்கியங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆகவே அவரையே பார்த்துப் பேசாமல், ஏற்கெனவே பேசி முடித்து நிம்மதியாக இருக்கும் எதிர்ப்பக்கத்தவரைப் பார்த்துப் பேசுங்கள்.

அடுத்து, எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நண்பர் ஒருவரிடம் மூன்று முறை வாயால் சொல்லிப் பாருங்கள். மூன்று முறையும் தானாக வந்து விழும் வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசும் என்னால் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ 200 சொற்களுக்கு மேல் சொல்ல முடிவதில்லை. உங்களுக்கும் அந்த அளவே போதும்.

கைமொழி (மறுமொழி):

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. உங்கள் கேள்வியைப் படித்தபோது கடைசி வாக்கியத்தில் என் கண் நின்றுவிட்டது. நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆயினும் இதைச் சொல்லியாக வேண்டும்: நாங்கள் குரலற்றவர்கள் அல்லர். எங்களுக்கு மொழி இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழிக்கும் பேச்சு மொழிகளைப் போலவே தனக்கென ஒரு கட்டமைப்பு உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இலேயே காட்டிவிட்டார். நான் சொல்வதை நான் சொன்னபடியே மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. எனக்குப் பதிலாக அவர் பேசத் தொடங்கினால் என் பேச்சு அங்கே இல்லாமல் போய்விடும். எங்களில் ஒருவர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னால், அதற்கு முன் நீங்கள் சொன்ன அனைத்தும் வீணாகிவிடும்.

அலுவலகத்துக்கு வந்த அந்த மனிதரைப் பற்றியும் கேட்கத் தோன்றுகிறது. அவர் வந்த காரியம் முடிந்ததா? இத்தகைய அறிமுகங்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். சொல்பவரின் மனம் இளகுவதற்காக மட்டுமே எங்களைப் போன்ற ஒருவர் அவற்றில் வந்து போவார்; அவருக்கு என்ன வேண்டியிருந்தது, அது கிடைத்ததா என்பதை யாரும் சொல்வதில்லை. அவருடைய அடையாளம் தெரியும்படியான எதையும் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் ஒரு காரியமாக வந்தவர் என்பதையாவது சொல்லுங்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றும் உண்டு. நாங்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது, பெயரோடு, காது கேட்குமா கேட்காதா, சைகை மொழியை யாரிடம் கற்றோம் என்பதையும் சொல்வது வழக்கம். யாரிடம் கற்றீர்கள் என்பதைச் சொன்னாலே நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது எங்களுக்குப் புரிந்துவிடும்.

வெண்பலகை:

மூவருக்கும் நன்றி. கைமொழி அவர்களின் கேள்விக்கு உடனே விடையளிக்க முடியவில்லை, இரண்டு நாள் யோசித்தேன். அந்த வாக்கியத்தை நான் பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்து வருந்துகிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

நடந்தது இதுதான். தனக்கு வந்துசேர்ந்த தொகை ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்க அவர் வந்திருந்தார். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதிக் காட்டினார். நான் விதிகளையெல்லாம் நீளமாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அடுத்த முறை யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், உறையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் மனம் கேளாமல் கோப்பை எடுத்துப் பார்த்தேன். வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று தெரியும். பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். அப்படித்தான் இருந்தது, பிழை எங்களுடையது. மறுநாளே திருத்தி அவருக்குக் கடிதம் அனுப்பினேன், பணமும் போய்ச் சேர்ந்தது.

இப்போது இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்:

"நான் ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். எனக்குக் காது கேட்கும். ஒருநாள், தன் தொகை ஏன் குறைந்தது என்று கேட்க ஒருவர் வந்தார். அவருக்குக் காது கேட்காது. ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கேட்டார், நான் எழுதிப் பதில் சொன்னேன். அவர் அதே கேள்வியை மீண்டும் எழுதி இரண்டு கோடு போட்டார். யாரையாவது அழைத்து வாருங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மாலையில் பார்த்தபோது கேள்வி சரியாக இருந்தது, கணக்குதான் தவறாக இருந்தது. திருத்திவிட்டேன். ஆனால் துணையோடு வரச் சொன்ன அந்த வரியைத் திருத்த முடியவில்லை. அடுத்த மாதம் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன். எனக்குக் கற்பித்தவர் காது கேளாத ஓர் ஆசிரியை. அந்த அனுபவம் என் வாழ்வையே மாற்றியது. இப்போது மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெறுகிறேன்."

தேர்வைப் பற்றிய செய்தியை இதில் சேர்க்கவில்லை. பயிற்சியைப் பற்றி யாராவது தனியே கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

கதைகேட்பவர்:

"அந்த அனுபவம் என் வாழ்வையே மாற்றியது" என்பதை எடுத்துவிடுங்கள். கணக்கு வேலையில் தொடங்கி மொழிபெயர்ப்புப் பயிற்சியில் முடித்திருக்கிறீர்கள். வாழ்வு மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. லபோவ் தேடிய பகுதி, அந்த வரியைத் திருத்த முடியவில்லை என்று நீங்கள் சொல்லும் இடத்திலேயே வந்துவிட்டது. மற்றபடி ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

கைமொழி:

இப்போது அவர் கேள்வியோடு வந்த ஒரு மனிதராக இருக்கிறார், அதுவும் சரியான கேள்வியோடு. பணம் போய்ச் சேர்ந்ததை நீங்கள் இதில் சொல்லவில்லை. இடம் போதாவிட்டால் அப்படியே இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து அதைக் கேட்பார்.