கலைச்சொல் உதவி: வன்தடை, மென்தடை சரியா? (பழைய மடிக்கணினி, வைஃபை அட்டை)

ச. (விழுப்புரம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குப் பழைய மடிக்கணினிகள் சில வந்திருக்கின்றன. லினக்ஸ் போட்டு ஓட்டுகிறோம். பாதிக்கு மேல் வைஃபை எடுப்பதில்லை. மாணவர்களே பார்த்துச் சரிசெய்துகொள்ளச் சின்னக் கையேடு ஒன்று தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

வரிசை இதுதான். முதலில், கணினியில் செருகியுள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து, வைஃபை அட்டை பட்டியலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அணைத்துவிட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றிச் செருக வேண்டும். வந்தால், இயக்கி (டிரைவர்) ஏறியிருக்கிறதா, நிலைபொருள் (ஃபர்ம்வேர்) கோப்பு இல்லையென்று லினக்ஸின் மையமான கர்னலின் பதிவில் புலம்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை சொற்களில் சிக்கல் இல்லை.

அடுத்தது ஆர்எஃப்கில் லிஸ்ட், அதாவது வைஃபை ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை. ஒவ்வொரு அட்டைக்கும் கீழே இரண்டு வரி வரும்: சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. எதிரே யெஸ் அல்லது நோ. சாஃப்ட் என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' என்று கொடுத்தால் போய்விடும். ஹார்டு என்றால் என்ன கட்டளை கொடுத்தாலும் அசையாது. கணினியின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ உள்ள சின்ன சுவிட்சைத் தள்ள வேண்டும். ஹார்டுக்கு வன்தடை, சாஃப்டுக்கு மென்தடை என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

---

புலவர் ந. எழுதியது:

அன்புள்ள ச., முயற்சிக்கு வாழ்த்து. ஆனால் வன்தடை என்று தமிழில் ஒரு சொல் வர முடியாது. 'னலமுன் றனவும் ணளமுன் டணவும் ஆகும் தநக்கள் ஆயுங் காலே' என்பது நன்னூல். னகரத்தின் முன் வரும் தகரம் றகரமாகும். வன் + தடை வன்றடை. மென் + தடை மென்றடை. சுந்தரரை வன்றொண்டர் என்கிறோமே, வன்தொண்டர் என்றா சொல்கிறோம்? ஹார்டு டிஸ்க்கை வன்தட்டு என்று எழுதத் தொடங்கியபோதே நாம் கண்டித்திருக்க வேண்டும். அதுவும் வன்றட்டுதான்.

---

மீ. (சென்னை) எழுதியது:

ஐயா, இலக்கணம் சரி. மென்றடை என்று அச்சடித்தால் எங்கள் வீட்டில் அதை 'மென்ற அடை' என்றுதான் படிப்பார்கள். அவியலோடு பரிமாறிவிடலாம்.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் நான் பட்ட அனுபவம் ஒன்றுதான்: புணர்ந்த பிறகு இரண்டு பாதியும் அடையாளம் தெரியாமல் போகிற சொல்லைப் பயனர் தொடவே மாட்டார். தலைவர்களின் பெயர்ப் பலகையில் புணர்ச்சி பார்க்கலாம், பிழைச்செய்தியில் வேண்டாம்.

---

யோ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. ஆளித்தடை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆளியைப் போடு, ஆளியை அணை என்று வீட்டிலேயே கதைப்பார்கள்.

தடை என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். பௌதிகத்தில் தடை வேறு பொருளில் இருக்கிறது. தடையி என்றால் ரெசிஸ்டர். அட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு 'வன்தடை' என்றால் பிள்ளை பலகையில் தடையியைத் தேடும்.

---

க. (கோவை) எழுதியது:

யோ. அண்ணா, இங்கே ஆளி என்றால் மளிகைக் கடையில் ஆளி விதை எடுத்துக் கொடுப்பார்கள்.

தடை பற்றிச் சொன்னது நியாயம். தமிழ்நாட்டிலும் பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால் ஒன்று, செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் இன்னொன்று. ஆனாலும் ஒருவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. நாளை மின்தடை என்று படித்துவிட்டு யாரும் ஓம் விதியை எடுத்துக்கொண்டு உட்காருவதில்லை, மாவை இன்றைக்கே அரைத்து வைத்துவிடுகிறார்கள்.

---

புலவர் ந. எழுதியது:

வன், மென் வேண்டாமென்றால் தமிழில் இதைவிட இயல்பான இணை ஒன்று உண்டு. புறத்தடை, அகத்தடை. வெளியே சுவிட்சால் நேர்வது புறம், உள்ளே நிரலால் நேர்வது அகம். ஈராயிரம் ஆண்டு பழகிய பாகுபாடு. பிள்ளைகளுக்கு விளக்க உரைகூட வேண்டாம்.

இடையே ஒன்று. மடிக்கணினி என்ற சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மடியில் வைப்பதால் மடி என்கிறோம். மடக்குவதாலும் மடி பொருந்தும், அதுவரை நன்று. ஆனால் மடி என்றால் சோம்பல். திருக்குறளில் மடியின்மை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. மடிதல் என்றால் இறத்தல். ச. ஆய்வகத்துக்கு வந்திருப்பவை எந்த மடி என்று அவர்தாம் சொல்ல வேண்டும்.

---

ச. எழுதியது:

ஐயா, நான்கு பொருளும் பொருந்துகின்றன. 2 ஜிபி நினைவகம்தான்.

---

மீ. எழுதியது:

மடிக்கணினியை இப்போது யாராலும் அசைக்க முடியாது. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது, சொல் கையில் கிடைத்த பொருளோடு சேர்ந்தே வீட்டுக்குள் போய்விட்டது. நாம் இங்கே வேர் பார்த்து ஒப்புதல் தந்ததால் நிலைத்த சொல் இல்லை அது.

அகத்தடை, புறத்தடை அழகாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. க. என்ன சொல்கிறீர்கள்?

---

க. எழுதியது:

அழகுதான், ஆனால் தப்பான இடத்துக்கு அனுப்பும்.

ஹார்டு பிளாக் என்றாலே வெளியே ஒரு சுவிட்ச் இருக்கும் என்று ச. எழுதியிருக்கிறார். எல்லா மாடலிலும் அப்படி இல்லை. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வகை வைஃபை அட்டையில் 20ஆம் முனை என்று ஒன்று இருக்கிறது. அதில் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரேடியோ அணைந்துவிடும். அதைத் தாழ்த்துவது வெளியே உள்ள சுவிட்சாக இருக்கலாம், விசைப்பலகையில் எஃப்என் விசையாக இருக்கலாம், பயாஸில் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரலில்) யாரோ அணைத்து வைத்த அமைப்பாகவும் இருக்கலாம். வேறு கணினியிலிருந்து கழற்றிய அட்டையைப் போட்டால், இரண்டுக்கும் ஒத்துவராமல் அந்த முனை எப்போதும் தாழ்ந்தே கிடப்பதும் உண்டு. அதனால்தான் சிலர் அந்த ஒரு முனையின் மேல் மெல்லிய காப்பு நாடா ஒட்டிவிடுகிறார்கள். (ச., இதை மாணவர் கையேட்டில் போடாதீர்கள். பக்கத்து முனையையும் சேர்த்து மூடிவிட்டு, அட்டையே காணோம் என்பார்கள்.) ஆக, புறத்தடை என்று பெயர் வைத்தால் பயாஸுக்குள் இருக்கிற காரணத்தைப் பையன் வெளியே தேடிக்கொண்டிருப்பான்.

எஃப்என் விசை இன்னும் மோசம். ஒரு மாடலில் அது சாஃப்ட் பிளாக்கை மாற்றும், இன்னொன்றில் ஹார்டு, வேறொன்றில் இரண்டும்.

அப்புறம், அட்டையையே மாற்றலாம் என்று நினைத்தால் அதற்கும் ஒரு தடை. சில பழைய மாடல்களில் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் 1802 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அட்டையைப் பிடுங்கினால்தான் மேலே போகும்.

---

புலவர் ந. எழுதியது:

பட்டியலில் பெயர் இல்லை என்று தடுத்து நிறுத்துவது! ச. விழுப்புரத்துக்காரர், திருவெண்ணெய்நல்லூர் அவருக்குப் பக்கம். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் நினைவுக்கு வரவில்லையா? மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ என் அடிமை, இதோ ஓலை என்று சுந்தரரைத் தடுக்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, அங்கே வழக்கு கிழவர் பக்கம் தீர்கிறது. க. சொன்ன சாஃப்ட் பிளாக் கிழிக்கக் கூடிய படி ஓலை, ஹார்டு பிளாக் மூல ஓலை. சேக்கிழார் அங்கே ஆள்கிற வினை தடுத்தல். ஆகவே தடை வேண்டாம், தடுப்பு என்று கொள்ளலாம். யோ. அவர்களின் பௌதிகச் சிக்கலும் தீரும்.

---

மீ. எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க எனக்கே 'மூலத்தடுப்பு' என்று போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. அப்படிப் போட்டால் மருத்துவ விளம்பரம் என்று நினைப்பார்கள்.

தடுப்பு என்பது வராமல் காப்பதற்குப் பழகிவிட்டது. தடுப்பூசி, தடுப்பணை. இங்கே காப்பாற்ற யாரும் வைக்கவில்லை, ஏற்கெனவே அணைந்து கிடக்கிற நிலைதான் செய்தி. எனவே தடைதான் சரி. முன்னொட்டை மட்டும் முடிவு செய்வோம், நாளைக்கு வியாழன்.

---

ச. எழுதியது:

இன்று வகுப்பில் வன்தடை, மென்தடை இரண்டையும் கரும்பலகையில் எழுதி, என்ன புரிகிறது என்று கேட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

வன்தடை என்றதும் ஒரு மாணவி 'வன்தட்டு போயிடுச்சா சார்' என்று கேட்டாள். அதையாவது விளக்கிவிடலாம். மென்தடைதான் மோசம். லேசான தடை, அதாவது சிக்னல் கொஞ்சம் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்றால், 'ஒன்றும் செய்ய வேண்டாம் சார், மெதுவாகக் கிடைக்கும்' என்கிறார்கள். உண்மையில் அந்த நிலையில் ரேடியோ முழுதாக அணைந்திருக்கும். ஒரே கட்டளையில் சரியாகிற பழுதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

---

க. எழுதியது:

இதுதான் கேள்விக்கே விடை. மென்பொருள் என்ற சொல்லில் மென் என்பது வெறும் அடையாளம், யாரும் அதை மென்மை என்று படிப்பதில்லை. தடையோடு சேர்ந்ததும் அதற்குப் பழைய பொருள் திரும்பிவிடுகிறது. மென்காற்று, மென்னகை மாதிரி.

எதால் நீங்குகிறது என்பதைப் பெயரிலேயே வைப்போம். கட்டளை கொடுத்தால் நீங்குவது கட்டளைத் தடை. கருவியிடமே போய்ப் பார்க்க வேண்டியது கருவித் தடை. சுவிட்ச், முனை, பயாஸ் எல்லாம் கருவிக்குள் அடங்கும். எதுகை மோனை பார்ப்பவர்களுக்கு மோனையும் இருக்கிறது.

ச., கலைச்சொல் எதுவும் தேவைப்படாத இரண்டு குறிப்பைக் கையேட்டில் சேருங்கள். ஒன்று, பழைய அட்டைகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். போனில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்திருந்தால் பட்டியலில் பெயரே வராது, அட்டை பழுது என்று கழற்றிவிடுவார்கள். இரண்டு, கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சின்னப் பேட்டரி (சீமாஸ் பேட்டரி) தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். வைஃபை இணைந்திருக்கும், ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எந்தத் தளமும் திறக்காது.

---

புலவர் ந. எழுதியது:

மோனைக்காக ஒரு சொல்லை ஏற்பதென்றால் நாம் கலைச்சொல் ஆக்கவில்லை, வெண்பா கட்டுகிறோம். கட்டளைத் தடை என்பது கட்டளைக்குத் தடை என்றும் விரியும், கட்டளை இடக் கூடாது என்று பொருள் வரும். எந்த வேற்றுமைத் தொகை என்று க. சொல்ல வேண்டும்.

---

க. எழுதியது:

கட்டளையால் நீங்கும் தடை. 'ஆல்' என்ற உருபும் 'நீங்கும்' என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன. உருபும் பயனும் உடன் தொக்க தொகை என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் ஐயா.

---

யோ. எழுதியது:

என்னுடைய மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் வருகிற இரண்டு சொல்லையும் நேரே பொருத்திப் பார்க்க வன், மென் இணைதான் உதவும். ஒவ்வொரு கையேட்டுக்கும் ஒரு புது இணையை உண்டாக்கிக்கொண்டு போனால், அடுத்த மொழிபெயர்ப்பாளர் மூன்றாவதாக ஒன்றைச் செய்வார். ஏற்கெனவே நீங்கள் பிணையம் என்கிறீர்கள், நாங்கள் வலையமைப்பு என்கிறோம். மென்தடையைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள் என்றால் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும். எங்கள் வழிகாட்டியில் வன்தடை, மென்தடை என்றே வைத்திருப்போம்.

---

மீ. எழுதியது:

யோ. சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. இடைமுகத்தில் ஒரு சொல்லை நிலையாக வைக்க வேண்டுமென்றால் நானும் வன்தடை பக்கம் வந்திருப்பேன். இது நிலைச்சொல் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிற கையேடு. ச.வின் வகுப்பில் நடந்தது போதும் எனக்கு. கருவித் தடை, கட்டளைத் தடை என்றே போகட்டும். முதல்முறை வரும் இடத்தில் திரையில் தெரியும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் கொடுங்கள். சேலத்தில் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்த காலத்திலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தீராது.

---

ச. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கருவித் தடை, கட்டளைத் தடை என்று மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். யோ. ஐயாவின் இணையையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், இலங்கை வழக்கு என்று குறிப்பிடாமல், 'வேறு பெயர்கள்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறேன். 2.4, தேதி இரண்டும் முதல் பக்கத்துக்கே போய்விட்டன. தேதியைச் சரிசெய்ததும் ஒரு கணினியில் தளங்கள் திறந்தன.

---

புலவர் ந. எழுதியது:

கருவித்தடை சேர்த்தா, பிரித்தா? தொகையென்றால் சேர்த்தே எழுத வேண்டும். அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறதா?

---

ச. எழுதியது:

பிரித்துத்தான் போட்டிருக்கிறேன் ஐயா. கையேட்டின் மேலட்டை வரை அச்சாகிவிட்டது. வலி மிகுந்திருக்கிறது.