குளக்கட்டுப் பாதையை மாரிக்கு முதல் திருத்துறது எப்பிடி? (கிளிநொச்சி)

கரைச்சி_வாசி:
ரவுணுக்குக் கிட்ட உள்ள சின்னக் குளம் ஒண்டின்ர கட்டில 400 மீற்றர் ஒற்றையடிப் பாதை இருக்கு. உள் ஒழுங்கைச் சனம் ஏ9 வீதிக்கு வாற குறுக்கு வழி அதுதான். மாரியில முழங்கால் சேறு. ரவுண் பக்கம் கட்டுக்கு ஏற 8 அடி உயரம், சக்கர நாற்காலி ஏறவே ஏறாது. பொய்க்கால் போட்ட ஆக்களும் சறுக்கினம். கிராம அபிவிருத்திச் சங்கம் உழைப்புத் தர ரெடி. 6 அடி அகலத்துக்கு இன்டர்லாக் கல் பதிப்பம் எண்டு சிலர் நிக்கினம். எங்க துவங்கிறது?

மதகடி:
கல்லை விடுங்கோ. முதல் குளம் ஆற்ற பொறுப்பு எண்டு பாருங்கோ. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயிற சின்னக் குளமெண்டால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதுக்கு மேலயெண்டால் நீர்ப்பாசனத் திணைக்களம். கட்டில இருந்து இறங்கிற ஒழுங்கை பிரதேச சபையின்ரயா இருக்கும், ஏ9 ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர. கமக்காரர் அமைப்பின்ர சம்மதக் கடிதம் இல்லாமல் கமநலக் கந்தோருக்குப் போனால் அடுத்த போகம் வரை அலைய வேணும். எந்தத் துண்டு ஆற்றது எண்டு ஒருத்தரும் சொல்லாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுத்தில கேளுங்கோ. தாறதோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்ல வேணும்.

கட்டடியில புதுசா மண் கிளறுறதெண்டால், அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி ஒப்படைச்ச நிலமா எண்டு மாவட்டச் செயலகத்தில கேட்டு எழுத்தில எடுங்கோ. பாதைக்குப் பரவுற கிறவலும் (சரளை மண்) கண்ட இடத்தில அள்ளக் கூடாது, அனுமதி உள்ள குழியில இருந்துதான்.

இனித் தண்ணி. கட்டின்ர மேற்பரப்பைக் குளப்பக்கமாச் சாய்க்க வேணும். அங்க அலைக்குக் கல் அடுக்கியிருக்கும், மழைத்தண்ணி இறங்கினாலும் தாங்கும். வயல் பக்கம் வெறும் மண், புல்லு. அங்கால விட்டால் ஒரு மாரியிலயே ஓடை விழும். சாய்வு நூற்றுக்கு இரண்டு காணும், 6 அடிக்கு ஒண்டரை அங்குலம். 6 அடி நேரான பலகையின்ர பள்ளப் பக்க நுனிக்குக் கீழ ஒண்டரை அங்குலக் கட்டையை வைச்சு, பலகைக்கு மேல ரசமட்டத்தை வையுங்கோ. குமிழி நடுவில நிண்டால் சரி. 10 அடிக்கு ஒருக்காப் பாருங்கோ.

மண்வெட்டி:
குளக்கட்டை வெட்டி ஏற்றம் எடுக்கிறதெண்டு ஆரும் வெளிக்கிட்டால் மறியுங்கோ. வெட்டின இடத்தால கசிவு துவங்கும். வயல் பக்கத்தில கட்டோட ஒட்டி மண் சேர்த்து, கட்டின்ர நீளப்பாட்டுக்கு ஏற்றத்தைக் கொண்டு போங்கோ. அடியில கசிவுத்தண்ணி ஓடுற கான் இருந்தால் அதை மூட வேண்டாம், தள்ளி எடுங்கோ.

சரிவு 1க்கு 12. 8 அடிக்கு 96 அடி ஓட்டம் வேணும். ஒவ்வொரு இரண்டரை அடி உயரத்துக்கும் 5 அடி நீளச் சமதரை ஒண்டு, அப்பிடி மூண்டு. மொத்தம் 111 அடி. ஆக்கள் நீளம் எண்டு முணுமுணுப்பினம், 1க்கு 8 போடச் சொல்லுவினம். அதில சக்கர நாற்காலியைத் தள்ளுறவருக்கே மூச்சு வாங்கும், தனிய வாறவர் பின்னுக்கு உருளுவார். 2006ஆம் ஆண்டு வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இருக்கு, கடிதத்தில அதைக் குறிப்பிடுங்கோ.

கிறவல் கணக்கு: 4 அங்குலமாப் பரவி 3 அங்குலமா இறுக்கி, இரண்டு படை. 1312 அடி நீளம், 6 அடி அகலம், கொட்டேக்க 8 அங்குலம்: 52 கியூப் சொச்சம் (ஒரு கியூப் 100 கன அடி). 3 கியூப் டிப்பரெண்டால் 18 லோட். ஏற்றத்துக்கு நிரப்பிற மண் வேற கணக்கு. ஒரு தொன் கை ரோலர் போதும், பெரிய ரோலரை ஒடுங்கின கட்டில ஏத்தினால் விளிம்பு இடியும்.

கிறவல் எல்லாம் ஒண்டில்லை. ஒரு பிடியை நனைச்சு உள்ளங்கையில திரியா உருட்டுங்கோ. நூல் மாதிரி மெல்லிசா நீண்டு உடையாமல் நிண்டால் களி கூட, மாரியில சவுக்காரம்தான். திரியே வராமல் உதிர்ந்தால் மணல் கூட, கோடையில குறுணிக்கல் சைக்கிள் சில்லை இழுக்கும். கொஞ்ச நீளம் வந்து வெடிக்கிறதுதான் வேணும். தண்ணி விடேக்க, பிடிச்சால் உருண்டையா நிக்கோணும், விரலிடுக்கால தண்ணி வரக்கூடாது. ஆவணி, புரட்டாதியில தண்ணிப் பவுசருக்கு முதலே சொல்லி வையுங்கோ.

கரைச்சி_வாசி:
அப்ப இன்டர்லாக் வேண்டவே வேண்டாமோ? வான் பாயிற (குளம் நிரம்பித் தண்ணி வழியிற) இடத்தில 20 அடி நீளப் பள்ளமும் இருக்கு, அதை மண் போட்டு உயர்த்தலாமோ? லான்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வாறதையும் மறிக்க வேணும்.

மதகடி:
வானில ஒரு அங்குலம்கூட உயர்த்தாதேங்கோ! வெள்ளம் போற வழி அது. உயர்த்தினால் குளத்தில தண்ணி மட்டம் ஏறிக் கட்டுக்கு மேலால பாயும், பிறகு பாதையும் இல்லை, குளமும் இல்லை. இருக்கிற மட்டத்துக்கே தளம் போடலாம், அதுவும் திணைக்களம் மட்டம் பார்த்துத் தந்தால் மட்டும். இரண்டு கரையிலயும் அரை அடிக்கு ஒரு கோடு கீறின தூண் நடுங்கோ. வான் பாயேக்க அந்தப் பாதை பூட்டுத்தான்.

இன்டர்லாக், விளிம்புக் கல்லும் அதுக்குக் கொங்கிறீட் தாங்கலும் இல்லாமல் கட்டில நிக்காது. ஓரக்கல் ஒண்டு கழண்டால் மாடு மிதிச்சு மிச்சத்தைக் கிளப்பும்.

மண்வெட்டி:
ஏற்றத்துக்கு மட்டும் கொங்கிறீட் போடலாம், ஆனால் இந்த வருசமில்லை. நிரப்பின மண் ஒரு மாரி நனைஞ்சு இருக்கட்டும், இல்லாட்டித் தளம் நடுவில பிளக்கும். அடுத்த கோடையில 4 அங்குலம், 1:2:4 கலவை (சீமெந்து, மணல், சல்லி), 6 அடிக்கு ஒரு வெட்டு ஒரு அங்குல ஆழத்தில, மேல தும்புத்தடியால குறுக்கை இழுத்து விடுங்கோ. கரணையால மினுக்கக் கூடாது, நனைஞ்சால் பொய்க்கால் நிக்காது.

லான்மாஸ்ரரை முழுக்க மறிச்சால் விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் கமக்காரரோட சண்டைதான் வரும். நடுவில கழற்றக்கூடிய இரும்புத் தூண் ஒண்டு, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 3 அடி இடைவெளி, திறப்பு கமக்காரர் அமைப்பிட்ட. மோட்டார் சைக்கிள் அதுக்குள்ளால வரத்தான் செய்யும். சக்கர நாற்காலி போற இடைவெளியால அதுவும் போகும், அதுக்கு வழியில்லை.

நிழலுக்கு மரம் வைக்கிறதெண்டால் கட்டில வேண்டாம். பட்ட மரத்தின்ர வேர் உக்கினால் குழாய் மாதிரி ஓட்டை, அதால தண்ணி புகும். கட்டடியில இருந்து 15 அடியாவது தள்ளி மருதும் வேம்பும் வையுங்கோ, மாடு கடிக்காமல் இரண்டு வருசத்துக்குக் கூடும் கட்டுங்கோ.