மறு: ஃபுல் பேக் – தமிழில் என்ன?

> 'முழுப்பின்' என்றே வைத்துவிடலாம். அரைப்பின், முழுப்பின் – கணக்குச் சரியாக வருகிறதே.

கணக்குச் சரிதான் ஐயா. ஆனால் 'முழுப்பின்' என்றதும் எனக்குச் சேலையில் குத்தும் பின்தான் கண்முன் வருகிறது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. ஃபுல் பேக் என்பவர் தம் அணி காக்கும் கோலின் முன்னே, ஆகக் கடைசியில் நிற்பவர். மெல்போர்னின் காலிங்வுட் அணிக்கு 1930 முதல் ஆடிய ஜாக் ரீகனைப் பற்றி எழுதுகிறேன். முன்களத்தில் ஆட வந்தவர். அங்கே கோர்டன் கவன்ட்ரி (1929இல் மட்டும் 124 கோல்) அசையாமல் உட்கார்ந்திருக்க, இவருக்குப் பேர் சொல்லும்படி எதுவும் அமையவில்லை. பின்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'ஃபுல் பேக்குகளின் இளவரசன்' என்ற பட்டமே அதன்பிறகு கிடைத்ததுதான். 1935, 1936 இரண்டு கோப்பைகளிலும் ஆடினார்.

நாளிதழ்க்காரர்களின் 'தடுப்பாட்டக்காரர்' ஏன் ஒட்டவில்லை என்றால், ரீகன் தடுத்துப் பேர் வாங்கியவர் இல்லை. உயரே வரும் பந்தை மடக்கிய கையால் குத்தித் தட்டிவிடுவதுதான் அந்த இடத்தின் வழக்கமான வேலை. இவரோ எதிராளிக்குப் பின்னாலிருந்து எழும்பி, பந்தைக் கையிலேயே பிடித்துவிடுவார். பிடித்தவருக்கு இடையூறில்லாமல் உதைக்கும் உரிமை உண்டு. ஆக, தடுக்க நின்றவர் அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கிவிடுகிறார். எதிரணிப் பந்து கோலைத் தவறி, பக்கத்து ஓரக் கம்பத்துக்குள் போய் ஒற்றைப் புள்ளி விழுந்தாலும் அதைத் திருப்பி உதைப்பவர் அந்நாளில் பெரும்பாலும் ஃபுல் பேக்தான். செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டால் ஆள் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். நிற்கும் இடத்தை வைத்தே பெயரிடுவோம்.

> பழைய படைச்சொல் 'கூழை' இருக்கிறதே? படையின் பின்னணி.

அழகான சொல். ஆனால் இன்றைக்குக் கூழை என்றால் கும்பிடு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கடா. இளவரசனுக்கு அது வேண்டாமே.

நான் முதலில் யோசித்தது 'கோலடி'. மரத்தடி, வாசலடி மாதிரி. இரண்டு சிக்கல். ஒன்று, 'கோல் அடி' என்று காதில் விழும். இரண்டாவது பெரியது: நம் ஃபுல் பேக்கும் எதிரணிக்குக் கோல் அடிக்க ஆக முன்னே நிற்கும் ஃபுல் ஃபார்வர்டும் நிற்பது ஒரே கோலடியில், தோளோடு தோள். ரீகனும் சவுத் மெல்போர்னின் பாப் பிராட்டும் (1934இல் 150 கோல்!) அப்படி நின்றவர்கள்தான். 1935 இறுதியில் மட்டும் இருவரும் மோதவில்லை. இரண்டு நாள் முன்பு டிராமை விட்டு இறங்கிய பிராட்டை லாரி இடித்துவிட்டது.

அதனால் என் முன்மொழிவு: பின்கோடி, முன்கோடி. தெருக்கோடியில் வரும் அதே கோடி. அவர்களுக்கும் களத்தின் நடுவுக்கும் இடையே நிற்கும் ஹாஃப் பேக், ஹாஃப் ஃபார்வர்ட் ஆட்டக்காரர்கள் பின்னிடை, முன்னிடை.

---

> பின்கோடி

எனக்குச் சம்மதம் தம்பி. 'பின்கோடி ஆட்டக்காரர்' என்று முழுதாக எழுதிவிடுங்கள், லட்சம் கோடிக் குழப்பம் வராது. ஆனால் 'நிலைமாற்றம்' என்று எங்கும் போட்டுவிடாதீர்கள், பனிக்கட்டி உருகுகிற மாதிரி இருக்கிறது. 'முன்களத்திலிருந்து பின்கோடிக்கு மாறினார்' என்றாலே போதும், அதற்குத் தனிச் சொல் எதற்கு?

நடுவர் மேலே எறியும் பந்துக்கு எழும்பி மோதுகிற ரக்மேனுக்கு என்ன வைத்தீர்கள்?

---

'ரக்' என்றே விட்டுவிட்டேன், அண்ணா. அதை ஆரம்பித்தால் பொங்கல் வரை போகும்.